வெண்குறுமீனுக்கு எல்லை கண்ட வானியல் மேதை சந்திரசேகர்

ஆண்டு விழா மலர்தோறும் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எமது மாணவர்க்கு எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. புலவர்களையும் சமயச் சான்றோர்களையும் பற்றிப் பல மலர்கள் பேசியிருக்கின்றன. இம்முறை நாம் சற்று அண்ணாந்து வானத்தை நோக்க விழைகின்றோம். தமிழ் படிப்பதால் விஞ்ஞானத்திற்கு என்ன பயன் என்று வினவும் பிள்ளைகள் எமது வகுப்புகளில் உண்டு. அவர்களுக்கு நேரடியான விடை எம்மிடம் இல்லை. தாயாரிடம் வீட்டிலேயே தமிழ் கற்ற ஒரு சிறுவன், பின்னாளில் விண்மீன்களின் இறுதிக் காலத்தைக் கணக்கிட்டுச் சொன்ன வரலாற்றை மட்டும் இங்கே தருகின்றோம். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

மாரிக்கால இரவொன்றில், மேகம் விலகியிருக்கும் வேளையில், விம்பிள்டன் பொதுவெளியில் நின்று தெற்கே நோக்குங்கள். ஓரியன் எனப்படும் வேடனின் இடையில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அவ்வரிசையை இடப்புறம் கீழ்நோக்கி நீட்டினால், வானத்து மீன்கள் யாவற்றிலும் பிரகாசமான சிரியஸ் தென்படும். அது தனி மீன் அன்று. அதனை ஏதோ ஒன்று மறைந்திருந்து ஈர்க்கின்றது என்பதை, அது செல்லும் பாதையின் நெளிவைக் கொண்டு ஜேர்மானிய அறிஞர் பெசல் 1844இல் அறிவித்தார். அத்துணை மீனை 1862இல் அமெரிக்கரான ஆல்வன் கிளார்க் தொலைகாட்டியிற் கண்டார். சூரியனுக்கு நிகரான திணிவு; ஆயின் பருமனோ எமது பூமியின் அளவுதான். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் அது பல தொன் நிறுக்கும். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி இவ்வாறு ஆகின்றது. வெண்மையாக ஒளிர்வதாலும் உருவிற் சிறிதாக இருப்பதாலும் இத்தகையவற்றை வெண்குறுமீன் என்கின்றனர்.

இத்துணைப் பாரம் தன்மீதே அழுத்த, அது ஏன் மேலும் நொறுங்கிப் போகவில்லை? இவ்வினாவே சந்திரசேகரின் வாழ்வைத் திசை திருப்பியது.

அவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரி. புகையிரதத் துறைக் கணக்குகளின் பொருட்டே குடும்பம் அவ்வூரில் இருந்தது. பத்துப் பிள்ளைகளில் ஆண்மக்களுள் மூத்தவராதலால் பாட்டனாரின் பெயர் இவருக்கு இடப்பட்டது. நோபல் பரிசு பெற்ற சேர். சி. வி. இராமன் தந்தையாரின் தம்பி. தாயார் சீதாலட்சுமி அம்மையாரோ நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் ஆக்கியவர். தந்தையார் அலுவலகம் செல்லுமுன் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுக்க, தாயார் தமிழ் கற்பித்தார். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயதளவில்தான் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் முறையாகச் சேர்ந்தார்.

கணித மேதை இராமானுசன் 1920இல் மறைந்த செய்தியைத் தாயார் பத்திரிகையில் படித்துச் சொன்னபோது சந்திரசேகருக்குப் பத்து வயது நிரம்பவில்லை. கடல் கடந்து சென்று புகழ் ஈட்டிய தமிழர் ஒருவர் உண்டு என்ற நினைவு அன்றே அவருள் பதிந்தது. இவ்விடத்தில் எமது வாசகர்க்கு ஒன்று கூறவேண்டும். 1729 என்ற எண்ணைப் பற்றிய கதை பலர் அறிந்ததே. நோயுற்றிருந்த இராமானுசனைப் பேராசிரியர் ஹார்டி டாக்சியிற் சென்று கண்டது, விம்பிள்டனுக்கு அயலேயுள்ள பட்னியில். நாள்தோறும் தொடருந்தில் அவ்வழியே போய்வரும் எம்மவருள் எத்தனை பேர் அதனை எண்ணிப் பார்க்கின்றோம்!

சென்னை மாநிலக் கல்லூரியில் 1925 முதல் பயின்ற சந்திரசேகர், மாணவராக இருக்கும்போதே தமது கட்டுரையொன்றை இலண்டன் ரோயல் சொசைற்றி வெளியிடச் செய்தார். கல்லூரிப் போட்டியொன்றில் அவருக்குப் பரிசாகக் கிடைத்த நூல், விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் எடிங்டன் எழுதியது. அந்த எடிங்டனே பின்னர் அவர் வழியில் மலைபோல் நிற்கப் போகின்றார் என்பதை அப்போது யார் அறிவார்?

1930இல் இந்திய அரசின் உதவிப்பணம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு வந்தது. வீட்டிலோ தாயார் கடும் நோயில் இருந்தார். இந்நிலையில் மூத்த மகன் கடல் கடப்பது தகாது என உறவினர் தடுத்தனர். தாயார்தாம் இசைந்தார். தம் மகன் தமக்காக மட்டும் பிறந்தவனல்லன், உலகுக்கும் உரியவன் என்று கூறி, சென்றே ஆகவேண்டும் என வற்புறுத்தினார். ஜூலை 31ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. தாயை அவர் மறுபடி காணவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் அம்மையார் காலமானார். ஊரில் ஒருவர் கண்மூட, அயல்நாட்டில் இருந்து அச்செய்தியைக் கேட்கும் துயரம் எமது பாடசாலைப் பெற்றோர் பலருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று.

ஏடன் துறைமுகம் வரும்வரை கடல் கொந்தளிப்பு. பின்னர் கடல் அமைதியுற, பத்தொன்பது வயது இளைஞர் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அமர்ந்தார். வெண்குறுமீன் நொறுங்காது நிற்பதன் காரணத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரால்ஃப் பவுலர் 1926இல் விளக்கியிருந்தார். இலத்திரன்களை ஒரு குறுகிய இடத்திற் செறித்தால், ஒன்றிருக்கும் நிலையில் மற்றொன்று இருக்க இயலாது. எனவே அவை ஒன்றையொன்று தவிர்த்து மேன்மேலும் வேகமாக ஓடும். அவ்வோட்டத்தின் அழுத்தமே மீனைத் தாங்குகின்றது. குளிர்ந்தாலும் அது குறையாது. ஆதலால் எல்லா விண்மீன்களும் ஈற்றில் வெண்குறுமீனாகி அமைதி அடையும் என்று யாவரும் நம்பினர்.

சந்திரசேகர் ஒன்றைக் கவனித்தார். திணிவு கூடக்கூட இலத்திரனின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றது. அதனை மிஞ்ச எதனாலும் முடியாது என்பது ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை. அவ்வாறாயின் தாங்கும் அழுத்தம் ஒரு கட்டத்தில் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க மாட்டாது. கணக்கிட்டார்; ஓர் எல்லை வந்தது. அதற்கு மேற்பட்ட திணிவுடைய வெண்குறுமீன் இருக்கவே இயலாது! 1931இல் வெளிவந்த சிறு கட்டுரையில் அவ்வெல்லை சூரியனின் 0.91 பங்கு என இருந்தது; மீனின் உட்பொருள் பற்றிய கருத்துத் திருந்தியபின் அது ஏறக்குறைய 1.4 மடங்கு என நிலைபெற்றது. எஸ்தோனியாவில் அண்டர்சனும் லீட்ஸில் ஸ்டோனரும் இத்தகைய எல்லையொன்றைத் தனித்தனியே கண்டிருந்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் விண்மீனின் முழு அமைப்பையும் கொண்டு அதனை நிறுவியவர் சந்திரசேகரே. உலகம் அதனைச் சந்திரசேகர் எல்லை என்றே வழங்குகின்றது.

1933இல் கலாநிதிப் பட்டமும் டிரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் கிடைத்தன. 1934 முழுவதும் அவ்வெல்லைக் கணக்கை எவ்வித ஐயமும் எழாவண்ணம் நுணுகிச் செய்தார். இரவுணவின் பின் எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வருவார், கணக்குகளைப் பார்வையிடுவார். கைக்கணிப்பொறி ஒன்று பெற உதவியவரும் அவரே. 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடிக் கொணர்ந்த பேரறிஞர் அவர். அன்றைய வானியலின் தலைமகன் எனலாம். அத்தகையவர் தம் பணியில் ஆர்வம் காட்டுவதை இளைஞர் ஆசியாகவே கொண்டார்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள். இலண்டன் பிக்கடிலியில் உள்ள பேர்லிங்டன் மாளிகையில் அரச வானியற் கழகத்தின் கூட்டம். விம்பிள்டனிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் அவ்வாசலில் நிற்கலாம்; கழகம் இன்றும் அங்கேதான் உள்ளது. சந்திரசேகர் தமது முடிவைக் கூறி அமர்ந்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். அவர் பேசவிருப்பதை முதல் நாள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே இளைஞர் அறிந்திருந்தார்; எதனைப் பேசப் போகின்றார் என்பதோ அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வெல்லைக்கு அடிப்படையான கருத்தே பிழை என்றார் எடிங்டன். எல்லையை ஏற்றால், பெருமீன் ஒன்று சுருங்கிச் சுருங்கி ஒளிகூட வெளியேற இயலாத நிலையை அடையும். அத்தகைய அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்று நகைச்சுவை ததும்பப் பேசினார். சபை சிரித்தது. மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் பலரும் வந்து அவருக்கு அனுதாபம் தெரிவித்தனர். அவர் கூற்று சரியா பிழையா என்று ஒருவரும் ஆராயவில்லை. எடிங்டன் சொல்லிவிட்டார், அத்துடன் முடிந்தது.

நுண்பௌதிக அறிஞர்களான போரும் பௌலியும் சந்திரசேகர் பக்கமே நியாயம் உள்ளது எனத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டனர். ஆனால் வெளியே வந்து சொல்ல எவரும் முன்வரவில்லை. பெரியவர் ஒருவர் பிழைவிடும்போது உடனிருப்போர் வாய்மூடி இருப்பது எல்லா நாட்டிலும் நிகழ்வதே. எடிங்டன் நிறவெறியால் அவ்வாறு செய்தார் எனச் சிலர் எழுதுவர். அவர் தமது சொந்தக் கொள்கையொன்றில் மிகுந்த பற்றுக்கொண்டிருந்தார். அதற்கு இவ்வெல்லை இடையூறு. இக்காரணமே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், அப்பேரறிஞர் நகைத்து ஒதுக்கிய அந்த நிலையே இன்று கருங்குழி எனப்படுகின்றது.

இருபத்து நான்கு வயதில் ஒரு சபை சிரித்தால் என்ன செய்வது? சந்திரசேகர் சண்டையிடவில்லை, தம் கணக்கைக் கைவிடவுமில்லை. யாவற்றையும் தொகுத்து 1939இல் நூலாக்கிவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். ஒரு துறையைப் பல்லாண்டு ஆய்ந்து, நூலொன்று எழுதி முடித்து, அடுத்ததற்குச் செல்வது அதன்பின் அவர் வாழ்நாள் வழக்கமாயிற்று. விண்மீன்களின் இயக்கம், ஒளிக்கதிரின் பயணம், பாய்மங்களின் நிலைப்பு, சுழலும் பொருள்களின் வடிவம், ஈற்றில் கருங்குழி என நூல்கள் தொடர்ந்தன. எடிங்டனுடன் கொண்ட நட்பும் முறியவில்லை. 1944இல் அவர் மறைந்தபோது நினைவுரை ஆற்றி, அக்காலத்து வானியலாரின் முன்வரிசையில் அவரை வைத்துப் போற்றியவர் சந்திரசேகர்.

1936இல் ஊர் திரும்பிய அவர், மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா துரைசாமியை மணந்தார். அப்பயணத்திலேயே, ஹார்டியின் வேண்டுகோளின்படி இராமானுசனின் மனைவியாரைக் கண்டு, இன்று உலகெங்கும் அச்சாகும் அப்புகைப்படத்தையும் தேடிப் பெற்றார். 1937 முதல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யேர்க்ஸ் வானாய்வகத்திற் பணி. கறுத்த நிறத்தவர் ஒருவர் வளாகத்தில் விரிவுரையாற்றுவதைப் பீடாதிபதி ஒருவர் எதிர்த்ததும், பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அவ்வெதிர்ப்பைத் தள்ளியதும் அங்கே நிகழ்ந்தவை. எந்தக் கழகத்தின் அவையில் நகையாடப்பட்டாரோ அக்கழகமே 1953இல் தனது பொற்பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1983இல் நோபல் பரிசு. அறிவிப்பு வந்த நாள் அவரது எழுபத்து மூன்றாவது பிறந்த நாளாக அமைந்தது.

இனி, அவ்வெல்லை இன்று எங்ஙனம் பயன்படுகின்றது என்பதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சிரியஸும் அதன் துணையும் ஒன்றையொன்று சுற்றிவர ஐம்பது ஆண்டுகள் செல்லும். ஆனால் இரண்டுமே வெண்குறுமீன்களாகி, மிக நெருங்கிச் சுழலும் இணைகளும் வானில் உண்டு. இணையில் ஒரு மீன் முதுமையுற்றுப் பெருக்கும்போது தன் துணையையும் வாயுப் போர்வைக்குள் விழுங்கிவிடும். அப்போர்வைக்குள் உராய்ந்து இரண்டும் நெருங்கும். போர்வை கலைந்தபின் மற்றையதும் முதுமையடையும், மீண்டும் நெருக்கம். ஈற்றில் எஞ்சுபவை இரு வெண்குறுமீன்கள்.

அவற்றை எப்பெருந் தொலைகாட்டியிலும் இரண்டாகக் காணமுடியாது, ஒரே புள்ளிதான். பின் எங்ஙனம் இரண்டென அறிவது? அம்புலன்ஸ் வண்டி எம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி உயர்ந்தும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்கின்றதல்லவா? ஒளிக்கும் அவ்வியல்பு உண்டு. மீனின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் அதில் ஐதரசன் வரையும் இருண்ட கோடுகள் தோன்றும். எம்மை நோக்கி வரும் மீனின் கோடு நீலப்பக்கமும், விலகும் மீனின் கோடு செந்நிறப்பக்கமும் நகரும். ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து, மீண்டும் கூடி, மறுபடி பிரியும். அவ்வூசலை அளந்தால் சுற்றுக்காலமும், எது பாரமானது என்பதும் தெரியவரும். இம்முறையில் முதல் இணை 1988இல் உறுதியாயிற்று. அது ஒன்றரை நாளுக்குச் சற்றே கூடிய நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றது. 1995இல் பிரித்தானிய வானியலார் மேலும் ஐந்து இணைகளை அறிவித்தனர்.

அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் சந்திரசேகர் சிக்காகோவில் காலமானார். நியூட்டனின் பெருநூலைப் பொதுவாசகர்க்கு விளக்கும் அவரது கடைசி நூல் அவ்வாண்டே வெளிவந்தது. லலிதா அம்மையார் நூறாண்டு கடந்து 2013 வரை வாழ்ந்தார். 1999இல் விண்ணிற்கு ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிக்குச் சந்திரா என்று பெயர் சூட்டினர்; நண்பர்கள் அவரை அழைத்த பெயர் அது.

அத்தொலைகாட்டி நோக்கியவற்றுள் கடக நண்டுக் கூட்டத்தில் உள்ள ஓர் இணையும் உண்டு. இரு வெண்குறுமீன்கள் ஒன்றையொன்று 321.5 செக்கன்களில், அதாவது ஐந்தரை நிமிடத்திற்குள் சுற்றுகின்றன. தேநீர் ஒன்று ஊற்றிக் குடிப்பதற்குள் அவ்விணைக்கு ஓராண்டு கழிந்துவிடுகின்றது! அச்சுற்றுக்காலமும் நிலையாக இல்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.2 மில்லிசெக்கன் குறைகின்றது என 2005இல் அறிவித்தனர். ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்பலைகளாகச் சக்தி கசிவதால் இரண்டும் நெருங்குகின்றன. ஈர்ப்பலை சக்தியைக் கவர்ந்து செல்வதன் விளைவை நுணுகிக் கணித்தவர்களுள் சந்திரசேகரும் ஒருவர். 1970இல் எஸ்போசிற்றோ என்பவருடன் அக்கட்டுரையை வெளியிட்டிருந்தார். 2019இல் கண்டறியப்பட்ட வேறோர் இணை ஏழு நிமிடத்திற்குள் சுற்றுகின்றது. ஒன்றையொன்று மறைக்கும் கிரகணங்களைக் கொண்டே அதன் நெருக்கத்தை அளக்கின்றனர். இத்தகைய இணைகளின் ஈர்ப்பலைகளை நேரடியாகக் கேட்பதற்கென லிசா என்னும் விண்கலத் தொகுதியை அமைக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. 2035இல் அதனை ஏவத் திட்டமிட்டுள்ளனர். எமது பாலர் வகுப்புப் பிள்ளைகள் அப்போது வளர்ந்து பெரியவர்களாகி இருப்பர்.

நெருங்கி நெருங்கி ஈற்றில் இரண்டும் ஒன்றாகும்போது என்ன நிகழும்? இங்கேதான் கப்பலில் கண்ட அந்த எண் வருகின்றது. இரண்டின் கூட்டுத் திணிவு எல்லைக்குள் இருந்தால், கூடியது ஒரு மீனாகவே நிலைக்கலாம். எல்லையை மிஞ்சினால் தாங்க இயலாது. பெருவெடிப்பே பெரும்பாலும் முடிவு என்பர். அவ்வகை வெடிப்புகளின் ஒளியை அளவுகோலாகக் கொண்டே பேரண்டம் விரைந்து விரிகின்றது என 1998இல் கண்டனர். ஆயினும் எல்லையை மிஞ்சிய, மிக நெருங்கிய இணை ஒன்றை எமது அயலில் ஐயமறக் காண நெடுங்காலம் சென்றது. 2025இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தார் அத்தகைய ஒன்றை அறிவித்தனர். தொலைவு நூற்றைம்பது ஒளியாண்டுகளுக்குச் சற்றே அப்பால். தனித்தனியே இரண்டும் எல்லைக்கு உட்பட்டவை. கூட்டினால் சூரியனின் 1.56 மடங்கு. பதினான்கு மணித்தியாலத்திற்கு ஒருமுறை அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன.

அவை மோதி வெடிப்பதற்கு இன்னும் ஏறத்தாழ 2,300 கோடி ஆண்டுகள் உண்டு. வெடிக்கும்போது இங்கிருந்து பார்ப்பவர்க்கு முழுநிலவைக் காட்டிலும் பத்து மடங்கு பிரகாசமாகத் தோன்றும் என்று கணித்துள்ளனர். அப்போது பார்ப்பதற்கு விம்பிள்டனும் இராது, எமது சூரியனும் நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு வெண்குறுமீனாகக் குளிர்ந்துபோயிருக்கும்.